பிஷப்பும் மின்னலும்

'கேடிஷாக்' (1980) படத்தில் கொட்டுகிற மழையில் ஒரு பிஷப் கோல்ஃப் ஆடுவார். ஆயுளிலேயே பிரமாதமான ஆட்டம். கடைசி அடி தவறிப்போக, வானத்தைப் பார்த்துக் கத்துகிறார். பளீர்! ஆள் சுருண்டு விழுகிறார். அப்புறம் பாரில் குடித்துவிட்டு நாத்திகம் பேசுகிறார்.

நானும் சிரித்தேன். ஆனால் மின்னலை தெய்வ தண்டனையாக்கியது இயக்குநர் ஹரால்ட் ராமிஸின் சௌகரியம். 1975-ல் சிகாகோ பக்கம் லீ ட்ரெவினோ ஏரிக்கரையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். மின்னல் தாக்கி, முதுகில் ஆபரேஷன் வரை போனது. 1991 யு.எஸ். ஓப்பனில் மரத்தடியில் ஒதுங்கிய ஒரு ரசிகர் செத்தே போனார். (மொட்டை வெளியில் ஒற்றை மரம்தான் மின்னலுக்கு முதல் விலாசம்.)

படத்தில் நிஜமான இடம் வேறு. பெருமழைக்கு இன்னும் நேரமிருக்கு, ஆடுங்க சாமி என்கிற தோரணையில் பில் முர்ரே உசுப்பேற்றுகிறாரே, அதுதான்.