உப்புக் கூழும் பனங்கட்டிக் கூழும்

பிள்ளைப் பருவத்து விடுமுறை எது என்று கேட்டால் புதுச்சேரிக்காரர் ஏப்ரல், மே என்பார். யாழ்ப்பாணத்துக்காரர் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையோடு ஆகஸ்டையும் சேர்த்துக்கொள்வார். இலங்கையில் பள்ளி ஆண்டு சனவரியில் தொடங்குவதும் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் தவணை விடுமுறை வருவதும் நெடுநாள் வழக்கம். இந்தப் பக்கமோ அந்த நாளில் ஜூனில் பள்ளி திறந்து, புது நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு முடித்த பிறகுதான் ஆடி பிறக்கும்.

இருந்தும் புதுச்சேரிக் கடலோர மீனவ ஊரான வீராம்பட்டினத்தில் வளர்ந்தவர்கள் பழைய கதை பேச உட்கார்ந்தால் மே மாதத்தில் நிற்பதில்லை, ஆடிக்கு ஓடிவிடுகிறார்கள். இன்றைய பிள்ளைகளும் அப்படியே ஆடியை நினைக்கக் காரணம் உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். இன்றைய பிள்ளைகளின் கோடை விடுமுறை, விசைப்படகு கரையில் கிடக்கும் மாதங்களோடு சேர்ந்தே வருகிறது. தடை முடிந்து, படகு கடலுக்குப் போய் வரத் தொடங்கிய பிறகு வருவது ஆடி. தேர்க்கடையில் பிள்ளை கைநீட்டியதை வாங்கித் தரத் தோதான மாதம் அதுதானே!

வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடுவது ஆடி ஐந்தாம் வெள்ளியில். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னர் வந்து வடம் தொட்டார். 1954-இல் ஆட்சி கைமாறிய பிறகும் வழக்கம் மாறவில்லை, இப்போது துணைநிலை ஆளுநர் வருகிறார். பெரியவர்களுக்கு இது பெருமை. பிள்ளைகளுக்கு ராட்டினமும் பொரியும் போதும்.

தேருக்கு முன்பே கூழ் வந்துவிடும். வில்லியனூர், பாகூர் பக்கத்து ஊர்களில் மாரியம்மன், கெங்கையம்மன் கோயில்களில் நடப்பதைச் சாகை வார்த்தல் என்பார்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, வீட்டுக்கு வீடு குடத்தில் கொண்டு வந்து கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். யார் வீட்டுக் கூழ் யார் சொம்புக்குப் போனது என்று அதன்பின் யாருக்கும் தெரியாது. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், வீட்டுக்குப் போனால் கருவாட்டுக் குழம்பு.

யாழ்ப்பாணத்தில் ஆடிக் கூழ் வேறு சாதி. மாதம் முழுதும் அல்ல, ஆடி முதல் நாள், ஆடிப்பிறப்புக்கு மட்டும். தெருவில் அல்ல, அடுப்படியில். வறுத்த அரிசி மா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு என்று எல்லாம் இனிப்புப் பக்கம். பலாவிலையைக் கோலி ஈர்க்கால் குத்திக் குடிப்பது பிள்ளைகளின் பங்கு; கூடவே கொழுக்கட்டை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இதைக் குழந்தைப் பாட்டாக்கினார். அந்த நாளில் ஆடிப்பிறப்புக்குப் பள்ளி விடுமுறை இருந்தது என்பதும் அந்தப் பாட்டிலிருந்தே தெரியும். இன்று இலங்கை அரசின் விடுமுறைப் பட்டியலில் அது இல்லை.

யாழ்ப்பாணத்தில் உப்பும் உறைப்புமான கூழ் இல்லாமல் இல்லை. ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மாவில் நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை போட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழ் அது. ருசியில் வீராம்பட்டினத்து மீனவர் நாக்குக்குப் பிடித்துப்போகக் கூடியது அதுவே. ஆனால் அது ஆடிக்கென்று நேர்ந்ததல்ல, உறவு கூடினால் எந்த நாளும் காய்ச்சலாம். இனிப்பான ஆடிப்பிறப்புக்கு இந்தியாவில் கூட்டாளி தேட வேண்டுமானால் சேலம், ஈரோடு பக்கம் போக வேண்டும். அங்கே ஆடி முதல் நாளில் தேங்காய்க்குள் வெல்லம், எள், பொட்டுக்கடலை, பச்சரிசி அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் சுடுவார்கள். தெருவெல்லாம் புகை, பிள்ளைகள் ராச்சியம்.

வீட்டுக் கூழுக்கு ஒரு வசதி: அது பெட்டிக்குள் ஏறும். 1983 கலவரத்துக்குப் பிறகு டொரொன்டோவுக்கும் லண்டனுக்கும் போன யாழ்ப்பாணத்தவர் பனங்கட்டியும் பயறும் வாங்கி அங்கேயே காய்ச்சுகிறார்கள். ஜூலை நடுவில் அங்கும் கோடைதான். சாகைக் கூழை அப்படிக் கொண்டுபோக முடியாது. கேழ்வரகு எங்கும் கிடைக்கும், அண்டாவைச் சுற்றி நிற்கும் தெரு கிடைக்காது.

ஆகவே வெளியூரில் இருக்கும் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு வழி ஒன்றே. விடுப்பை மே மாதத்தில் தீர்த்துவிடாமல் ஆடிக்கு நாலு நாள் மிச்சம் வையுங்கள். கையில் ஒரு சொம்பும் இருக்கட்டும்.