பழைய பிலிம் இப்படியா ஓடியது?

பட்டுப்புடவை விளம்பரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பாட்டியின் கல்யாணத்தைக் காட்ட வேண்டுமென்றால் படம் உடனே பழுப்பாகிவிடும். கறுப்புக் கோடுகள் இங்கும் அங்குமாகத் தாவும். வெளிச்சம் படபடக்கும். இரண்டு ஓரத்திலும் துளை வரிசை தெரியும். பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். இப்போது எங்கள் ஆரணியில் எடுக்கும் தறி வீடியோக்களுக்கும் இது வந்துவிட்டது. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும், நேற்று எடுத்த காட்சிக்கு அறுபது வயசு ஆகிவிடுகிறது.

இந்தப் பதிவு அந்த 'பழைய பிலிம்' ஃபில்டரைப் பற்றித்தான். அது அழகா இல்லையா என்பது அவரவர் ரசனை. ஆனால் 'வீட்டு சினிமா அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது' என்று ஒரு தகவலையும் அது சொல்கிறது. அந்தத் தகவலைத்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் மெஷின். கோடாக் நிறுவனம் 8 எம்.எம். பிலிமைக் கொண்டுவந்தது 1932-ல். சூப்பர் 8 வந்தது 1965-ல். இரண்டுக்குமான புரொஜெக்டர்கள் செய்யும் வேலை ஒன்றுதான். பிலிமை ஓட்டுகிறது என்று சொல்கிறோமே, உண்மையில் அதன் திறமையெல்லாம் பிலிமை நிறுத்துவதில் இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் 'கேட்' என்று ஒரு குறுகலான வாசல். அங்கே சின்ன நகம் மாதிரி ஒரு கொக்கி பிலிமின் துளைக்குள் நுழைந்து, ஒரு படத்தின் உயரத்துக்கு மட்டும் கீழே இழுத்துவிட்டு வெளியே வந்துவிடும். பிலிம் அசையாமல் நிற்கும். விளக்கொளி அதன் வழியே திரைக்குப் போகும். மறுபடியும் நகம். 8 எம்.எம்.மில் இது நொடிக்கு 16 தடவை, சூப்பர் 8-ல் 18 தடவை. மேலே ரீல் சீராகச் சுற்றுகிறது, கேட்டில் மட்டும் நின்று நின்று போகிறது. இந்த முரணில் பிலிம் அறுந்துவிடாமல் இருக்க, கேட்டுக்கு மேலும் கீழும் தளர்வாக ஒரு வளைவு விட்டிருப்பார்கள்.

ஆரணிக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். துளை போட்ட அட்டைகள் சங்கிலியாகக் கோத்துத் தொங்கும். நெசவாளர் மிதியை மிதித்ததும் நாலு பக்கச் சட்டம் கால் சுற்று சுற்றி நிற்கும். சட்டத்தின் முளைகள் அட்டையின் துளையில் சரியாக உட்காரும். நிற்கும் அந்தக் கணத்தில்தான் எந்தப் பாவு இழை எழும்ப வேண்டும் என்று முடிவாகிறது. தியேட்டரில் ஓடும் 35 எம்.எம். புரொஜெக்டரில் நகத்துக்குப் பதிலாக நாலு பள்ளம் கொண்ட ஒரு சிலுவைச் சக்கரம் இருக்கும். அதுவும் ஒரு படத்துக்குக் கால் சுற்றுதான். ஜக்கார்டு தறியை உருவாக்கிய லியோன் நகரத்தில்தான் லூமியேர் சகோதரர்களும் இருந்தார்கள். தங்கள் 1895 கருவிக்கு யோசனை தையல் மெஷினிலிருந்து வந்தது என்று லூயி லூமியேர் சொல்லியிருக்கிறார். துணியிலிருந்து சினிமா ரொம்ப தூரமில்லை!

சரி, ஃபில்டருக்கு வருவோம். படபடப்பு பெரிய பொய். நகம் இழுக்கும் நேரத்தில் ஷட்டர் தகடு ஒளியை மறைக்கிறது. அதோடு விட்டால் கண்ணுக்குத் துடிப்பு தெரியும் என்பதற்காகவே ஷட்டருக்கு மூன்று இதழ் வைத்தார்கள். படம் நொடிக்கு 18 என்றாலும் திரையில் வெளிச்சம் 54 தடவை வந்து போகும். சரியாக வேலை செய்யும் புரொஜெக்டரில் படம் கிட்டத்தட்ட அமைதியாகவே இருக்கும். இத்தனை மெனக்கெட்டு ஒளித்துவைத்ததை ஃபில்டர் வெளியே இழுத்துப் போட்டு 'பழமை' என்று விற்கிறது.

கோடுகள்? நிஜத்திலும் உண்டு. கேட்டில் ஒரு தூசு மாட்டிக்கொண்டால், நகரும் பிலிமை அது அதே இடத்தில் உராய்ந்துகொண்டே இருக்கும். அதனால் கோடு ஒரே இடத்தில் நீளமாக நிற்கும், எலி மாதிரி தாவாது. நிறமும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வீட்டு பிலிமுக்குப் பெரும்பாலும் நெகடிவ் கிடையாது. கேமராவில் ஓடிய அதே பிலிம்தான் திரைக்கும். சாயமிருக்கும் பக்கத்தில் ஆழமாகக் கீறினால் சாயம் போய் வெளிச்சமான கோடு, சில சமயம் பச்சையாகக்கூட விழும்.

துளை வரிசை இன்னும் வேடிக்கை. 8 எம்.எம். பிலிமுக்கு ஒரு பக்கம்தான் துளை. 1922-ல் வந்த பாத்தே பேபியின் 9.5 எம்.எம். பிலிமில் துளை நடுவில், படத்துக்கும் படத்துக்கும் இடையில். இரண்டு பக்கமும் துளை வேண்டுமென்றால் 35 எம்.எம்.முக்கோ பழைய 16 எம்.எம்.முக்கோ போக வேண்டும். அங்கேயும் கேட் அதை மறைத்துவிடும். தொடக்கத்தில் வரும் '5, 4, 3' எண்கள் தியேட்டர் ஆபரேட்டருக்கானவை. வீட்டு ரீலின் தொடக்கமும் முடிவும் வேறு மாதிரி: வெளிச்சம் கசிந்த ஆரஞ்சுப் பளிச். பழுப்பு நிறமும் அப்படியே. 1935-ல் வந்த கோடாக்ரோம் வண்ணம், இருட்டில் வைத்திருந்தால் இன்றைக்கும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

இதெல்லாம் மெக்கானிக் பேச்சு, விளம்பரத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் ஃபில்டர் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: இந்த வீட்டில் கேமரா இருந்தது, இவர்கள் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டார்கள் என்று. சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் ஒன்று 50 அடி. ஓடுவது 3 நிமிடம் 20 நொடி. அதற்கு கேமரா, புரொஜெக்டர், திரை, லேப் செலவு. குழித்தறியில் கூலிக்கு நெய்த குடும்பம் இந்தக் கணக்கில் எங்கே வரும்?

இந்தியாவில் எடுத்த பழைய வீட்டு சினிமா எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புபவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையத் தொகுப்பைத் தேடலாம். இங்கே வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்கள் எடுத்தவை, இணையத்திலேயே இருக்கின்றன. அவற்றில் நம்ம ஆட்கள் இல்லாமல் இல்லை. சமையல்காரராக, ஆயாவாக, சந்தைக் கூட்டமாக இருக்கிறார்கள். கேமராவைப் பிடித்த கை அவர்களுடையது அல்ல. நம் நெசவாளர் தலைமுறை பெரும்பாலும் சினிமா பார்த்தது டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து, வேறு யாருடைய கதையையோ.

அதனால்தான் தறி வீடியோவில் அந்தக் கடகட சத்தம் வரும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பாட்டிக்கு இல்லாத ரீல் ஒன்றை அவர் பெயரில் தயாரித்துக் கொடுக்கிறார்கள். அவர் கையால் நெய்த புடவை ஏதாவது ஒரு பீரோவில் இன்னும் இருக்கலாம். அதன் முந்தானையை நல்ல வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல், 3 நிமிடம் 20 நொடி காட்டட்டுமே. சத்தம் வேண்டுமென்றால் அட்டை திரும்பும் ஓசை இருக்கிறது.