கணக்கும் கதையும்: மலையக நூல்கள் சிலவற்றை முன்வைத்து

மலையகத் தமிழர் பற்றிய நூல்களை ஒருசேர வைத்து நோக்குமிடத்து அவற்றின் வகைமையே முதலிற் கண்ணிற்படும். வரலாற்றாய்வு, நாட்டார் பாடற்றொகுப்பு, நாவல், சிறுகதை, ஆங்கிலத்தில் எழுந்து பின்னர் தமிழுக்கு வந்த நூல் என அவை பலவாறாகப் பிரிகின்றன. ஆயின், இவையனைத்தையும் ஒரே விதமாகப் படிக்கும் பழக்கமொன்று பல்கலைக்கழக வட்டாரத்தில் வேரூன்றியுள்ளது. ஆய்வேட்டில் லயத்து வாழ்க்கை பற்றி ஓர் அத்தியாயம் எழுதவேண்டியிருப்பின், அரசாங்க அறிக்கையொன்றிலிருந்து இரண்டு வரிகள், அவற்றையடுத்து நாவலொன்றிலிருந்து ஒரு பந்தி. இரண்டுக்கும் ஒரே மதிப்பு. நாவலாசிரியர் சாட்சிக்கூண்டில் ஏற்றப்படுகிறார். வேண்டியதைச் சொன்னதும் இறக்கிவிடப்படுகிறார். அவர் அதனை எவ்வாறு சொன்னார் என்று எவரும் கேட்பதில்லை.

இப்பழக்கத்தின் தோற்றுவாயை ஈழத்துத் திறனாய்வு மரபிலேயே காணலாம். க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968 இல் வெளிவந்தபோது, இலக்கியத்தைச் சமுதாயத்தோடு இணைத்து நோக்குதல் இன்றியமையாத பணியாயிருந்தது. இரசனையின் பெயரால் இலக்கியம் வாழ்விலிருந்து துண்டிக்கப்பட்ட சூழலில் அந்நூல் புதுவழி காட்டிற்று. ஆனால், நாவல் என்னும் வடிவம் எத்தகைய சமுதாய மாற்றத்தின் விளைவாகத் தோன்றுகிறது என்னும் வினாவும் அவருடைய நோக்கில் அடங்கியிருந்தது. பின்வந்தோர் பலர் வடிவம் பற்றிய அவ்வினாவைக் கைவிட்டு, உள்ளடக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். அது எளிதான வழி என்பதிற் சந்தேகமில்லை.

எளிதான வழியைத் தேடாத ஆய்வு எவ்வாறிருக்கும் என்பதற்கு மு. நித்தியானந்தனின் ‘கூலித் தமிழ்’ (2014) நல்லதோர் எடுத்துக்காட்டாகும். தோட்டத்துரைமார் தொழிலாளரிடம் வேலை வாங்கும்பொருட்டுக் கற்ற தமிழையே இத்தலைப்புச் சுட்டுகிறது. துரைமாருக்காக எழுதப்பட்ட மொழிக் கைந்நூல்களைத் தகவற் களஞ்சியங்களாகக் கொள்ளாமல், அவற்றின் மொழியையே ஆய்வுப்பொருளாக்குகிறார் ஆசிரியர். ஏவல் வினையே மேலோங்கி நிற்கும் ஒரு தமிழ் அது. ‘வா’, ‘போ’, ‘வெட்டு’ என்பவற்றுக்கு அதில் இடமுண்டு; எதிரே நிற்பவர் மறுமொழி கூறுவார் என்னும் எதிர்பார்ப்புக்குப் பெரும்பாலும் இடமில்லை. அடக்குமுறை பற்றி எத்தனை பக்கங்கள் எழுதினாலும் இந்த இலக்கணம் உணர்த்துமளவுக்கு உணர்த்திவிட முடியாது. இந்நூல் கவனப்படுத்தும் மற்றொரு படைப்பு, ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’. 1869 இல் வெளியான இக்கும்மி, கோப்பிப் பயிர்ச்செய்கையைத் தோட்ட நிர்வாகத்தின் கண்கொண்டு பாடுவது. பெண்கள் கைகொட்டிப் பாடும் வடிவம், வேலை வாங்குவோரின் குரலுக்குக் கருவியாகிறது. அதே 1869 இல்தான் கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டது என்பதும், அடுத்த இரு தசாப்தங்களுக்குள் அப்பயிர் அழிந்து தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது என்பதும் வரலாற்றின் குறும்பு போலும்.

சிறுகதைப் பக்கம் திரும்பின், என்.எஸ்.எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ முதலில் நிற்கும். அக்கதையின் பெயரையே தாங்கிய தொகுதி 1980 இல் வைகறை வெளியீடாக வந்தது. மேற்கூறிய நித்தியானந்தனே அப்பதிப்பு முயற்சிக்கும் உரியவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கதையில் நிகழ்வது மிகச் சிறியது. ஒருத்தி ஒரு நாளிலே வழமைக்கு மீறிய நிறையுடைய கொழுந்து பறித்துவிடுகிறாள். அந்த நிறை மெய்யானதுதானா, அல்லது கணக்கெழுதுபவரின் தயவா என்னும் ஐயம் எழுகிறது. அவ்வையத்தைத் தன் கைகளாலேயே துடைக்கவேண்டியவளாகிறாள் அவள்.

தோட்ட வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளருக்குப் பெயர்ப்பதிவும் நிறைக்கணக்கும் அடிப்படைச் சான்றுகள். ஏட்டில் இத்தனை றாத்தல் என்றிருந்தால் அது தரவாகிவிடுகிறது. இராமையாவின் கதையோ, அந்த எண் ஏட்டில் ஏறும் கணத்தையே தன் களமாகக் கொள்கிறது. எண்ணின் பின்னால் பறித்தவளின் மானமும், மற்றைய பெண்களின் வாயும், கணக்கப்பிள்ளையின் அதிகாரமும் இருக்கின்றன. எனவே, கொழுந்தெடுக்கும் பெண்களின் வேலைப்பளுவுக்குச் சான்றாக இக்கதையை மேற்கோள் காட்டுவது கதையைத் தலைகீழாகப் படிப்பதாகும். சான்று எவ்வாறு உண்டாகிறது என்பதை விசாரிக்கும் கதை அது. இதனை ஒருமுறை கவனமாகப் படித்த வரலாற்று மாணவர் அதன்பின் எந்தத் தோட்டக் கணக்கேட்டையும் பழைய நம்பிக்கையோடு புரட்டமாட்டார்.

எல்லாப் புனைவுகளும் இவ்வாறு அமைந்துவிட்டன எனக் கூறமுடியாது. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ (1964) தமிழகக் கிராமத்து வறுமையிலிருந்து தோட்டத்துக்கு வந்தோரின் வாழ்வைத் தலைமுறைகளூடே சொல்ல முயன்ற முன்னோடி நாவல். அதன் பரப்பு பெரிது. பாத்திரங்களோ அப்பரப்பைச் சுமக்கும் வலுவற்றவை. பி.எச். டேனியலின் ‘எரியும் பனிக்காடு’ இலங்கையைச் சார்ந்ததன்று. ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றியது. 1969 இல் ஆங்கிலத்தில் ‘ரெட் டீ’ என வெளிவந்து, 2007 இல் இரா. முருகவேளின் தமிழாக்கமாக நமக்குக் கிடைத்தது. தோட்ட மருத்துவராயிருந்தவர் எழுதியமையால், காய்ச்சலும் சாவும் வருமிடங்களில் நாவல் அசைக்கமுடியாத உறுதி பெறுகிறது. கருப்பனும் வள்ளியும் தமக்குள் பேசிக்கொள்ளும் இடங்களில் அவ்வுறுதி தளர்கிறது. வாசகருக்கு நிலைமையை விளக்கும்பொருட்டே அவர்கள் பேசுவதாகத் தோன்றும். தன்னைத்தானே சாட்சிக்கூண்டில் ஏற்றிக்கொள்ளும் நாவல் எதனை இழக்கிறது என்பதற்கு இது நேரிய உதாரணம். எனினும், இவ்விரண்டையும் படிக்காமல் மலையக ஆய்வுக்குள் புகுவது தகாது.

1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. இத்தொகைகளை அரசறிவியல் நூல்கள் யாவும் தருகின்றன. அவற்றின் பொருளை அறிந்தவர்களுள் சி.வி. வேலுப்பிள்ளை முக்கியமானவர். 1947 இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவர், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் தம்மைத் தெரிந்தனுப்பிய மக்களின் வாக்கையே பறித்ததைக் கண்டவர். அவர் எழுதியது அரசியல் வரலாறு மட்டுமன்று. தேயிலைத் தோட்டம் பற்றிய நெடும்பாட்டு, நாவல்கள், நாட்டார் பாடற்றொகுப்பு எனப் பல வடிவங்களை நாடினார். தொழிற்சங்கவாதியொருவருக்குப் பாட்டு ஏன் தேவைப்பட்டது என்னும் வினா இன்னும் உரியவாறு ஆராயப்படவேண்டியது.

மானிடவியற் பேராசிரியரான ஈ. வலண்டைன் டேனியல், இலங்கையின் வன்முறை பற்றி 1996 இல் ஆய்வுநூல் எழுதியவர். கூலிகளின் வரலாற்றைச் சொல்லும்போது 2008 இல் ஆய்விதழொன்றிலேயே செய்யுளைக் கையாண்டார். சி.வி.யும் டேனியலும் தத்தம் பாட்டை ஆங்கிலத்திலேயே எழுதினர். சி.வி.யின் பாட்டு சக்தீ பால ஐயாவின் கையால் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாயிற்று. துரைமாரின் கைந்நூலில் மறுமொழி கூற இடம்பெறாதவரின் தமிழ், அப்பெயர்ப்பில் எந்த இடங்களில் ஒலிக்கிறது, எந்த இடங்களில் கவிஞரின் செந்தமிழ் அதனை மூடுகிறது என்பதை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான வேலை.