நெறி பேசுது, தொழிலாளி எங்கே?

1975 ஹெல்சிங்கி உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட மனித உரிமை நெறிகளே கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகளின் வீழ்ச்சிக்கு வழிகோலின என்பது டேனியல் தாமஸின் 'ஹெல்சிங்கி விளைவு' (2001) முன்வைக்கும் வாதம். இந்தக் கதையாடலில் கர்த்தா நெறிதான். தொழிலாளி, நெறி வந்து தட்டி எழுப்ப எழுந்தவர்.

போலந்தையே எடுத்துக்குவோம். சங்கம் சேரும் உரிமை பற்றிய ஐ.எல்.ஓ.வின் 87ஆம் ஒப்பந்தத்தை அந்த அரசு 1957லேயே ஏற்றுவிட்டது. 23 வருஷம் அது காகிதமாத்தான் கிடந்தது. 1980 ஆகஸ்டில் கிரேன் ஓட்டுநர் அன்னா வாலெந்தினோவிச் வேலைநீக்கம் செய்யப்பட, கதான்ஸ்க் கப்பல் கட்டும் தளம் ஸ்தம்பித்தது. 21 கோரிக்கைகளில் முதலாவது, அதே 87ஐக் காட்டிச் சுயேச்சையான சங்கம் கேட்டது. இரண்டாவது, வேலைநிறுத்த உரிமை.

நெறி வேண்டாம்னு சொல்ல வரல. தொழிலாளி கையில் அது ஆயுதமாச்சு. ஆனா ஆயுதமே சண்டை போட்டதுன்னு எழுதலாமா?

அதே பட்டியலில் இறைச்சியும் உண்டு, குழந்தைகள் காப்பகமும் மூன்று வருட மகப்பேறு விடுப்பும் உண்டு. முதல் இரண்டை 'உரிமை' என்றும் மற்றதைப் 'பொருளாதாரம்' என்றும் பிரிக்கிற கோடு அப்பாவித்தனமானதல்ல. 1990 ஜனவரியில் சாலிடாரிட்டியிலிருந்து வந்த அரசே விலைகளை அவிழ்த்துவிட்டுக் கூலியை அமுக்கியது. டேவிட் ஆஸ்ட் 'சாலிடாரிட்டியின் தோல்வி'யில் (2005) காட்டுவது இந்தக் கைவிடலைத்தான். பேசும் உரிமை கிடைத்தது. உற்பத்தியை நிறுத்தும் பலம் கரைந்தது.

எந்த உரிமை எந்த வருஷம் ஏற்கப்பட்டது என்பதோடு ஆய்வு நின்றால் போதாது. அதை இயங்க வைத்தது யாருடைய கை, அந்தக் கையை அப்புறம் கட்டியது யார் என்றும் கேட்கணும்.