ஒரு மணி நேர ஆசியா

என் பேத்தி படிக்கும் பள்ளியையும் சேர்த்து, இந்த ஊரில் நாலைந்து பள்ளிகளில் ‘ஆசியப் பண்பாட்டு நாள்’ பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தை கையில் காகித விசிறி, இன்னொன்றின் தலையில் கூம்புத் தொப்பி, ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பாட்டு. பெற்றோர் படம் எடுத்து முடிப்பதற்குள் ஆசியாவும் முடிந்துவிடுகிறது. ஆசிரியைகளின் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யாருமே எதையும் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

மாணவருக்கு இசையை அறிமுகப்படுத்த நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரிகள் உண்டு. ரவீந்திரநாத் தாகூர் 1919இல் சில்ஹெட்டில் மணிப்புரி நடனம் பார்த்தார். பார்த்ததோடு விடாமல் ஆசிரியரையே சாந்திநிகேதனுக்கு வரவழைத்து மாணவர்களுக்குக் கற்றுத்தர வைத்தார். 1927இல் ஜாவா, பாலித் தீவுகளுக்குப் போனபோது மொழியறிஞர் சுனீதி குமார் சாட்டர்ஜியையும் ஓவியர் சுரேந்திரநாத் கரையும் உடன் அழைத்துச் சென்றார். பின்னாளில் சாந்திதேவ் கோஷ் இலங்கைக்கும் ஜாவாவுக்கும் போய் அந்தந்த நடனங்களைப் பயின்று வந்தார். அடுத்தது, தில்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977இல் தொடங்கிய ஸ்பிக் மெக்கே. கட்டணமில்லாமல், பெரிய வித்வான்களை மாணவர்களுக்கு எதிரே தரையில் உட்கார வைத்த இயக்கம் அது. அதன் பள்ளிக்கூடக் கச்சேரிகளைவிட, மாநாடுகளில் சில நாள் ஒரே குருவிடம் உட்கார்ந்து கற்கும் ஏற்பாடுதான் எனக்கு உயர்வாகப் படுகிறது.

ஜப்பானின் கதை வேறு. 1879இல் பள்ளி இசைக்காகவே ஓர் அரசு நிறுவனம் அமைத்து, மறு ஆண்டே அமெரிக்காவிலிருந்து ஆசிரியரை வரவழைத்து, குழந்தைகளுக்கு மேற்கத்திய முறையில் பாட்டுக் கற்பித்தார்கள். ஸ்காட்லாந்து மெட்டு ஒன்று அங்கே பள்ளி விடைபெறும் பாட்டாகவே ஆகிவிட்டது. நூறாண்டுக்கு மேல் கழித்து, 2002இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில்தான் நடுநிலைப் பள்ளி மாணவர் மூன்றாண்டில் ஒரு பாரம்பரியக் கருவியையாவது தொட்டு வாசிக்க வேண்டும் என்று வைத்தார்கள். விட்டதைப் பிடிக்க எத்தனை நாள் பாருங்கள்!

நம் குழந்தைகளுக்கு ஒரே ஒரு வெளிநாட்டு இசையைத்தான் அறிமுகப்படுத்தலாம் என்றால் நான் கமேலானைச் சொல்வேன். வெண்கலத் தகடுகளும் கோங்குகளும் சேர்ந்த ஜாவா, பாலி வாத்தியக் குழு அது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஞாயிறுதோறும் சரளி வரிசை பாடும் குழந்தை இதைக் கேட்டதும் "இது மோகனம் தாத்தா" என்று சொல்லும். ஸ்லெண்ட்ரோ என்ற ஐந்து ஸ்வர வரிசை அப்படித்தான் தோன்றும். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தால் ஒட்டாது. ஒரு குழுவின் கருவிகளை அந்தக் குழுவுக்குள்தான் சேர்த்துச் சுருதி கூட்டுகிறார்கள். பக்கத்து ஊர்க் குழுவின் சுருதி வேறு. பாலியில் இன்னும் ஒரு படி மேலே போய், ஜோடிக் கருவிகளை வேண்டுமென்றே இம்மி வித்தியாசத்தில் செய்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் ஒலி நடுங்கும். அதற்கு அவர்கள் வைத்த பெயருக்கே ‘அலை’ என்றுதான் பொருள். நம் பாட்டு வாத்தியார் "சுருதி சேரலே" என்று அதட்டுகிற இடத்தில்தான் அவர்களுக்கு இசைக்கு உயிர் வருகிறது.

தாளமும் அப்படித்தான். நாம் சமத்தில் தட்டித் தொடங்குகிறோம். ஜாவாவில் பெரிய கோங் விழுவது சுழற்சியின் கடைசி எண்ணிக்கையில். "எட்டுன்னா என்ன, ஒண்ணுன்னா என்ன, பேர்தானே?" என்று மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். பேர் மட்டுமில்லை. நாலு நாலாகப் போகும் ஸ்வரக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் கனம் நாலாவதில் விழுகிறது. பாலியில் வேகமான இசையை இருவர் பங்கிட்டு வாசிப்பார்கள். தனியாகக் கேட்டால் இருவரிடமும் பாட்டு இருக்காது. பத்து வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியும் கொடுத்தாலே இது புரிந்துவிடும்.

இங்கே நம்மவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல். ஜாவா என்றதும் நம் மேடையில் யாராவது எழுந்து "எல்லாம் நம்மகிட்டேருந்து போனதுதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது, பிள்ளைகளின் ஆர்வம் அத்தோடு அடங்கியும் விடுகிறது. மகாபாரதம் இங்கிருந்து போனது உண்மை. ஆனால் ஜாவாவின் நிழற்கூத்தில் திரௌபதி தருமனுக்கு மட்டுமே மனைவி. பாண்டவருக்கு வேலைக்காரனாக வரும் குண்டு செமார் அங்குள்ளவர்களுக்குத் தெய்வமே. வியாசருக்கு அவரைத் தெரியாது. இதையெல்லாம் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தாய்லாந்து ராமாயணத்தில் அனுமனுக்குக் காதலிகள் உண்டு என்றால் நம் வீட்டுப் பாட்டிகள் என்ன சொல்வார்களோ!

தென்னிந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி 736இல் ஜப்பான் சேர்ந்தார். 752இல் நாரா நகரப் பெரிய புத்தருக்குக் கண் திறந்து வைத்தவர் அவர்தான். அவரும் சம்பா நாட்டுத் துறவி ஒருவரும் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் இசை வகை ஒன்று ஜப்பானிய அரசவை இசையில் இன்றும் இருக்கிறது. பெருமைதான். ஆனால் அதைப் போட்டுக் கேட்டால் நமக்குப் பரிச்சயமானது எதுவும் காதில் விழாது. ஆயிரத்திருநூறு ஆண்டு அவர்கள் வாசித்து வாசித்துத் தமதாக்கிக் கொண்டது அது. பிள்ளைகளுக்கு அந்த ஆயிரத்திருநூறு ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டாமா?

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இதற்கு நாலு வாரம், வாரம் இருபது நிமிடம் ஒதுக்கினால் போதும். உடை வேண்டாம், கொடி வேண்டாம். நாலு வாரமும் ஒரே பதிவைப் போடுவோம். முதல் வாரம் பெரிய கோங் எப்போது விழுகிறது என்று கை தூக்கிச் சொல்லட்டும். இரண்டாம் வாரம் அதற்குத் தாளம் போடட்டும். மூன்றாம் வாரம் டம்ளரும் கரண்டியும். எந்த ஊர் இசை, யார் வாசிக்கிறார்கள் என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பித்திருப்பார்கள். வரைபடத்தை நாலாம் வாரம் விரிக்கலாம்.