ஐயத்திற்கும் ஓர் இலக்கணம்

சில ஆண்டுகளுக்கு முன் பண்டமாரானில் நடைபெற்ற பேச்சுப் போட்டி ஒன்றுக்கு நடுவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். தமிழர் மரபும் அறிவியலும் என்பது தலைப்பு. படிவம் ஐந்தில் பயிலும் மாணவி ஒருத்தி, திருநள்ளாற்றுக்கு நேர்மேலே வரும்போதெல்லாம் அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிடுகின்றன என்றும், சனிக்கோளின் கதிர்களே அதற்குக் காரணம் என்றும் முழங்கினாள். அவை கைதட்டியது. உச்சரிப்பில் குறையில்லை, சொல்லோட்டமும் சிறந்திருந்தது. முதற்பரிசுக்கு அவளையே பரிந்துரைத்தேன். செய்தது சரிதானா என்னும் வினா அன்று முதல் என்னை விட்டபாடில்லை. அவ்வினாவிலிருந்து பிறந்ததே இக்கட்டுரை.

அச்செய்தியைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் புவியைச் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் விரைகிறது. அவ்விரைவே அதனை விழாமல் காக்கிறது. விரைவை இழப்பின் அது விழ வேண்டியதுதான். புவியிலிருந்து நோக்குவார்க்கு ஒரே இடத்தில் நிற்பனபோல் தோன்றும் செயற்கைக்கோள்களும் உள. ஆனால் அவை ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே மட்டுமே அவ்வாறு இருத்தல் கூடும். திருநள்ளாறோ அக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. இவையெல்லாம் இடைநிலைப்பள்ளி இயற்பியலே. ஆயினும் அவையில் எவரும் வினவவில்லை. நடுவனாகிய நானும் வினவவில்லை.

பின்னர் ஒரு நண்பர் வற்புறுத்தியதால், 'தி ஸ்கெப்டிக்ஸ் கைடு டு தி யூனிவர்ஸ்' என்னும் ஆங்கில வலையொலியைக் கேட்கத் தொடங்கினேன். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஸ்டீவன் நொவெல்லா தம் உடன்பிறந்தார் இருவருடனும் நண்பர்களுடனும் 2005-ஆம் ஆண்டு முதல் வாரந்தோறும் நடத்திவரும் உரையாடல் இது. புதிய கண்டுபிடிப்புகள், போலி மருத்துவம், வதந்தி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, சான்று எவ்வளவு, அது எவ்வளவு தாங்கும் என ஆராய்வதே அதன் போக்கு.

அதில் என்னைப் பெரிதும் கவர்ந்தது 'சயன்ஸ் ஆர் ஃபிக்ஷன்' என்னும் பகுதி. நொவெல்லா சில அறிவியற் செய்திகளைக் கூறுவார். அவற்றுள் ஒன்று புனைந்தது. எது பொய்யென மற்றவர்கள் தத்தம் காரணங்களை வாய்விட்டுச் சொல்லிக் கணிக்க வேண்டும். பல்லாண்டு பயின்ற அவர்களே பலமுறை தவறுகின்றனர். தவறியபின் எந்த இடத்தில் தம் எண்ணம் வழுக்கிற்று என்பதையும் பேசுகின்றனர். கற்றவர் பலரறியப் பிழைபடுவதும், அதனை மறையாது ஒப்புவதும் நம் செவிக்குப் பழக்கமில்லாத ஓசை.

1929-இலும் 1954-இலும் பெரியார் இந்நாட்டுக்கு வந்தார். பகுத்தறிவு என்னும் சொல் நம் மேடைகளுக்குப் புதியதன்று. அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாம் குறளை முழங்காத பகுத்தறிவு மேடை அரிது. ஆனால் அம்மேடையில் முடிவு முன்னே வருகிறது; ஆராய்ச்சி பின்னே வருகிறது, அல்லது வாராமலே போகிறது. பக்தி மேடையும் இவ்வகையில் வேறுபட்டதன்று. ஒருவர் எல்லாம் உண்டு என்கிறார். மற்றொருவர் எல்லாம் இல்லை என்கிறார். எப்படி அறிந்தீர் என்ற கேள்விக்கு இருவரிடத்தும் இடமில்லை.

இவ்வாராய்ச்சி முறை மேனாட்டார் தந்த கொடையென்று கருதிவிடலாகாது. மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில், அறிவின் அளவைகளும் அவற்றிற்கு நேரும் குற்றங்களும் வகுத்துரைக்கப்படுகின்றன. இம்மரத்தில் ஒரு தெய்வம் உண்டென ஊரார் சொல்ல நாமும் தெளிவது ஐதிகம். தூரத்தே நிற்பது தறியோ ஆளோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமலே தறியை ஆளென்று துணிவது தேராது தெளிதல். ஐயம், தேராது தெளிதல் ஆகிய இரண்டுமே அங்குக் குற்றங்களாக எண்ணப்படுவது கருதத்தக்கது. ஐயுற்று நிற்பது போதாது. ஐயுறாது துணிவதும் ஆகாது. அருகிற் சென்று பார்த்தல் வேண்டும். திருநள்ளாற்றுச் செய்தி ஐதிகமாய்ப் பிறந்து, தேராது தெளிதலாய் முடிந்தது. பாடத்தில் நாம் படித்ததைப் பேச்சுப் போட்டியில் மறந்தோம்.

இவ்வலையொலியிலும் குறையுண்டு. ஒத்த கருத்தினர் கூடிச் சிரிக்கும் சிரிப்பு அதில் மிகுதி. ஏமாற்றுவோனை நோக்கிய சிரிப்பு, ஏமாந்தவனையும் சுடுகிறது. நம்புகிறவன் வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகிறான். இவ்விடத்தில் ஆபிரகாம் கோவூர் நினைவுக்கு வருகிறார். 1898-இல் திருவல்லாவிற் பிறந்து, 1928-இல் யாழ்ப்பாணத்திற்கு ஆசிரியராகச் சென்று, இலங்கையின் பகுத்தறிவாளர் சங்கத்திற்குத் தலைமை தாங்கி, 1978-இல் மறைந்தவர் அவர். ஏமாற்று வழியில்லாச் சூழலில் அற்புதம் நிகழ்த்திக் காட்டுவார்க்கு ஓரிலட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவினார், எவரும் வெல்லவில்லை. போலிச் சாமியார்களிடம் அவர் காட்டிய சினம் பெரிது. ஆனால் பேய் நடமாடுகிறது என்று நடுங்கிய வீட்டாரிடம் அவர் சென்றது மருத்துவர்போல. அவ்வீட்டில் துன்புறும் உள்ளம் எது எனத் தேடினார். எனினும் அவர்தம் அனுபவக் குறிப்புகள் பெரும்பாலும் அவரே கூறக் கேட்பவை. அவற்றையும் அதே தராசில் நிறுத்துதலே அவருக்குச் செய்யும் மரியாதை.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். மொழியின் பெருமையைக் காக்கப் புறப்பட்ட நாம், பொய்யை நல்ல தமிழில் சொல்லப் பழக்கிவிடுகிறோமோ என்பதே என் அச்சம். செயற்கைக்கோள் நிற்பதால் தமிழர்க்கு வரும் பெருமை எதுவுமில்லை. அது நிற்கவில்லை என்று தெரிந்த நாளில் மணிமேகலையின் உண்மைப் பெருமையும் உடன் ஐயத்திற்கு உள்ளாகும்.

அன்றைய மதிப்பெண் தாளில் உச்சரிப்புக்கும் நடைக்கும் உடல்மொழிக்கும் கட்டங்கள் இருந்தன. சான்றுக்குக் கட்டமில்லை. அம்மாணவி குற்றமற்றவள், நாம் கேட்டதைத் தந்தாள். இனி ஒருமுறை நடுவனாக அமர நேரின், பேச்சு முடிந்தபின் ஒரே ஒரு வினா கேட்பேன்: "இதனை நீ எவ்வாறு அறிந்தாய், அம்மா?" தெரியவில்லை என்று அவள் விடையிறுப்பினும் அதற்கு மதிப்பெண் உண்டு.