இலை விரித்த சிலுவைகள்

யாழ்ப்பாணத்தில் பழைய சிலுவை என்றதும் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர்தான் நினைவுக்கு வருவர். 1619இல் அவர்கள் இராச்சியத்தைப் பிடித்தார்கள். சங்கானையிலும் அச்சுவேலியிலும் இடிந்து நிற்கும் கோவில்கள் அவர்கள் காலத்தவை. ஆனால் அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே இத்தீவில் சிலுவையை வணங்கியோர் இருந்தனர். தப்ரபேன் என அன்று அழைக்கப்பட்ட இத்தீவில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்குக் கோவிலும் குருவும் இருந்ததை 6ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் கொஸ்மாஸ் எழுதிவைத்தார்.

1912இல் அநுராதபுரத்தில் கருங்கல் தூணொன்றில் செதுக்கிய சிலுவை கிடைத்தது. தொல்பொருள் ஆணையாளர் அயர்ட்டனும் பின்னர் அப்பதவிக்கு வந்த ஹோகார்ட்டும் அதைப் போர்த்துக்கேயருடையது என்றனர். 1926இல் வரலாற்றறிஞர் கொட்ரிங்டன், கொஸ்மாஸின் சாட்சியத்தை முன்வைத்து, பாரசீகருடையது என்றார். இன்று பெரும்பாலோர் ஏற்பது அவர் கருத்தையே.

அவர் பக்கம் நிற்பவை இந்தியாவின் சிலுவைக் கற்கள். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் அத்திவாரம் தோண்டியபோது வெளிப்பட்ட கல், இன்று அங்குள்ள கோவிலின் பீடத்தில் பதிந்திருக்கிறது. மேலே புறா, சுற்றி வளைவு, வளைவில் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்து. கேரளத்தின் கோட்டயம் வலிய பள்ளியில் அதே மரபில் இரண்டு உண்டு. ஒன்றில் சிரியாக் வரியும் சேர்ந்திருக்கிறது. இவற்றில் 16ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கோவிலைவிட மூத்த கல்லும் உண்டு. அநுராதபுரக் கல்லில் எழுத்து இல்லை. பரங்கிமலைக் கல் பலகையாக நிற்க, இது தூணோடு ஒட்டியது. ஆகவே ஒரே குடும்பம், வேறு கிளை.

இந்தக் குடும்பத்தை அடையாளம் காண நான்கு குறிகள் போதும்: ஏறத்தாழ ஒத்த நீளக் கைகள், மொட்டு முனைகள், படிப்பீடம், அடியில் இருபுறமும் விரியும் இலை. பாடுபட்ட சுரூபம் இதில் இராது. இதற்கு மாறாக, அயர்லாந்தின் உயர்சிலுவைகள் பல வளையம் பூண்டு, வேதாகமக் கதைகளை உடலெங்கும் சுமந்து வெளியில் நிற்பவை. நம் பக்கத்துக் கல் கதை சொல்வதில்லை. உயிர்த்த மரமாய் இலை விடுகிறது.

குறிகள் மட்டும் காலத்தை முடிவுசெய்யா. எழுத்தின் வடிவத்தைக்கொண்டே இந்தியக் கற்களை அறிஞர் 7 முதல் 9 வரையான நூற்றாண்டுகளில் வைக்கின்றனர். வாசகத்தின் பொருளில் இன்னும் உடன்பாடில்லை. எழுத்தற்ற அநுராதபுரக் கல்லுக்கு அந்தத் துணையும் இல்லை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணில் கருங்கல் இல்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லுமே நம் கோவில்களைத் தாங்கின. ஆகவே பழைய சுவர் பிரிக்கும்போது ஒரு கருங்கல் துண்டு தென்பட்டால், அது எங்கிருந்தோ வந்தது என்று அறிக; அதில் இத்தகைய சிலுவையும் இருக்கலாம். சுண்ணாம்பு பூசுமுன், சீமெந்தில் புதைக்குமுன், படம் எடுத்து அளந்து தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.